வெள்ளி, ரிங்கிட், ரூபாய்: மரபுவழி வந்த பழங்காசுகளின் நிலையறிதல்

என் அன்னையார் மறைந்தபின் அவர்தம் அலமாரியில் இருந்த பிஸ்கட் தகரப்பெட்டியில் இரண்டு வெள்ளிக்காசுகள் கிடைத்தன. ஒன்று, விக்டோரியா பேரரசியின் உருவம் பொறித்த 1901ஆம் ஆண்டு இந்திய ரூபாய். பாட்டியார் கப்பலேறி வந்தபோது கழுத்தில் கோத்து அணிந்திருந்தது. மற்றொன்று, ஏழாம் எட்வர்டு மன்னரின் உருவம் பொறித்த 1904ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற டாலர். இரண்டும் கறுத்திருந்தன. உறவினர்க்குக் காட்டுமுன் டாலரை மட்டும் திருநீறும் எலுமிச்சைச் சாறும் இட்டு நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். பின்னர் அதனை உருப்பெருக்கியில் நோக்கிய காசு வணிகர் ஒருவர், “ஐயா, இது தேய்ந்த காசு அன்று, தேய்க்கப்பட்ட காசு” என்றார். ஒரே வினையடியின் இருவேறு வடிவங்கள். மொழியியல் பயின்ற எனக்கு அவ்வேறுபாடு காசில் விளங்க ஓர் இழப்பு வேண்டியிருந்தது.

காசைச் சோதித்தறியும் தொழிலை நம் முன்னோர் ‘நோட்டம்’ என்றும், அத்தொழில் செய்வோரை ‘நோட்டக்காரர்’ என்றும் வழங்கினர். அதனினும் பழைய சொல் ‘வண்ணக்கன்’. வடம வண்ணக்கன் தாமோதரனார் முதலிய சங்கப் புலவர்தம் பெயர்களில் அது நிலைத்துள்ளது. இன்று ‘நோட்டம் பார்த்தல்’ என்றால் திருடன் வீட்டை வேவு பார்ப்பதே நினைவுக்கு வருகிறது. ஆயினும் நோட்டத்தின் நெறிகள் நம் நாவில் அன்றாடம் புழங்கும் பணப்பெயர்களுக்குள்ளேயே பொதிந்துள்ளன. வெள்ளி என்பது உலோகத்தின் பெயர். ரிங்கிட் என்பது மலாய் மொழியில் பல்போன்ற வெட்டுடைமையைக் குறிப்பது. விளிம்பில் பற்கள் அமைந்த ஸ்பானிய வெள்ளிக்காசுகளிலிருந்து வந்த பெயர். ரூபாய் என்பது உருவம் பொறித்தது எனப் பொருள்படும் ‘ரூப்ய’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. உலோகம், விளிம்பு, உருவம் என்னும் இம்மூன்றையும் வரிசையாகப் பார்ப்பதே நிலையறிதலாகும்.

வெள்ளி: உலோகமும் எடையும்

முதலில் செய்யத்தக்கது எடை காண்டல். கிராமில் நூற்றில் ஒரு பங்கைக் காட்டும் சிறு மின்தராசு போதும். 1901ஆம் ஆண்டு ரூபாயின் முறையான எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இந்திய ரூபாயில் 1940 முதல் வெள்ளி சரிபாதியாகக் குறைந்தது. 1947இல் வந்த ரூபாய் நிக்கலால் ஆனது.

நம் வட்டாரத்து டாலரின் கதை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 1903, 1904ஆம் ஆண்டுக் காசுகள் 26.95 கிராம் எடையும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் உடையவை. வெள்ளியின் விலை ஏறி, காசின் உலோக மதிப்பு அதன் முகமதிப்பை விஞ்சக்கூடும் என்ற நிலை தோன்றவே, 1907 முதல் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்து 1920ஆம் ஆண்டு டாலரோ 16.85 கிராம், அதில் வெள்ளி பாதியே. பெயர் மாறாத ‘ஒரு வெள்ளி’க்குள் தூய வெள்ளி ஏறத்தாழ 24 கிராமிலிருந்து எட்டரைக் கிராமுக்குச் சுருங்கிவிட்டது.

ஆகவே, காசு இலேசாக இருப்பதாலேயே அது தேய்ந்தது என்றோ போலி என்றோ முடிவுகட்டலாகாது. அவ்வாண்டுக்குரிய எடையோடு ஒப்பிட வேண்டும். புழக்கத் தேய்வால் எடை சிறிதளவே குறையும். பெரிதும் குறைந்தால் ஐயுற வேண்டும். வெள்ளியைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஈர்க்கப்படும் ‘வெள்ளிக்காசு’ வெள்ளி அன்று. ஈர்க்கப்படாமை மட்டும் மெய்ம்மைக்குச் சான்றாகாது. காந்தம் ஈர்க்காத மலிவான உலோகக் கலவைகளும் உள. பழைய டாலர்களுக்குப் போலிகள் மிகுதி என்பதால் இச்சோதனையைத் தவிர்க்கலாகாது.

ரிங்கிட்: விளிம்பு

காசை எடுத்தவுடன் முகத்தைப் பார்ப்பதே நம் இயல்பு. நோட்டக்காரர் விளிம்பையும் தவறாமல் பார்ப்பார். விளிம்பில் செங்குத்தான பற்கள் அமைக்கப்பட்டதே, ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவோரைக் காட்டிக்கொடுப்பதற்காகத்தான். பற்கள் சுற்றிலும் ஒரே சீராக உள்ளனவா? இரு பாதிகளை ஒட்டியதுபோல் நடுவே கோடு ஓடுகிறதா? அக்கோடு வார்ப்புப் போலியின் அடையாளம்.

தமிழர் இல்லங்களில் கிடைக்கும் காசுகளில் விளிம்புக் குறை ஒன்று அடிக்கடி காணப்படும். காசுமாலைக்காகவோ பதக்கத்திற்காகவோ வளையம் பற்றவைத்துப் பின் நீக்கிய தழும்பு அது. என் பாட்டியாரின் ரூபாயில், பேரரசியின் முடிக்கு நேர்மேலே, ஒரு நெல்மணி அகலத்திற்குப் பற்கள் மழுங்கியுள்ளன. சந்தை அதனைச் சேதம் என்றே கணக்கிடும். காசின் விலை பெரிதும் இறங்கும்.

ரூபாய்: உருவம்

உருவத்தில் காண வேண்டியவை இரண்டு: மேட்டின் தேய்வும் பரப்பின் ஒளியும்.

கைமாறும்தோறும் முதலில் தேய்வது பொறிப்பின் உயர்ந்த பகுதியே. விக்டோரியா ரூபாயில் கன்னம், காதருகே உள்ள கூந்தல், மார்பாடையின் பூவேலை ஆகியவற்றை நோக்குக. எட்வர்டு டாலரில் மணிமுடியின் வேலைப்பாட்டையும் காதையும் புருவத்தையும் நோக்குக. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் மார்பணியில் ஒரு சிற்றானை உண்டு. 1911ஆம் ஆண்டுக் காசில் அதன் துதிக்கை குறுகியிருந்ததால் பன்றி போல் தோன்றுகிறது என மக்கள் வெறுப்புற, அடுத்த ஆண்டே வடிவம் திருத்தப்பட்டது. திருத்திய காசில் துதிக்கை தெளிவாகத் தெரிந்தால் தேய்வு குறைவு எனக் கொள்ளலாம்.

அடுத்தது ஒளி. அச்சு அழுந்தும்போது உலோகம் நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை உண்டாக்கும். புழங்காத காசை விளக்கின்கீழ் மெல்லச் சாய்த்தால் ஒளி சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுழலும். தேய்த்து விளக்கிய காசிலும் பளபளப்பு உண்டு. ஆனால் அவ்வொளி சுழலாது. உருப்பெருக்கியில் பார்த்தால் மெல்லிய இணைகீறல்கள் தென்படும். என் டாலரில் வணிகர் கண்டவை அவையே.

தரச்சொற்களின் பொருள்

ஆங்கிலத் தரச்சொற்களை அவற்றின் அகராதிப் பொருளில் கொள்ளுதல் கூடாது. ‘குட்’ என்பது நன்று அன்று. உருவத்தின் புறக்கோடு மட்டும் எஞ்சிய, மிகத் தேய்ந்த காசைக் குறிப்பது. ‘ஃபைன்’ என்பது ஓரளவு விவரம் எஞ்சிய நடுத்தர நிலை. அதற்கு மேல் ‘வெரி ஃபைன்’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ எனச் சென்று ‘அன்சர்குலேட்டட்’, அதாவது புழங்காக்காசு என்னும் நிலையை எட்டும். வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கச் செப்புக்காசுகளுக்கென வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலே இன்று மற்றக் காசுகளுக்கும் விரிந்துள்ளது. விற்பவர் ‘குட்’ என்றால் மகிழவும் வேண்டா. வாங்குபவர் ‘ஃபைன்’ என்றால் மனநிறைவு கொள்ளவும் வேண்டா.

கறுப்பு அழுக்கன்று

காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி வெள்ளி சல்ஃபைடு என்னும் படலத்தை உண்டாக்குகின்றன. அதுவே நாம் காணும் கறுப்பு. அது காசின் மேல் வந்து படிந்த தூசி அன்று. காசின் வெள்ளியே உருமாறி நிற்பது. தேய்த்து அதனை அகற்றும்போது வெள்ளியும் நுண்வரிகளும் உடன்செல்கின்றன. திருநீறு, புளி, பற்பசை, உலோக மெருகுக் குழம்பு எதுவாயினும் பயன் அதுவே. பூசைக் குத்துவிளக்குக்குப் பொருந்தும் பழக்கம் பழங்காசுக்குப் பொருந்தாது.

காசை விளிம்பால் பிடிக்க வேண்டும். நெகிழ்வான பிவிசி உறைகளைத் தவிர்க்க வேண்டும். அவை நாளடைவில் பசைபோன்ற பசுங்கறையை உண்டாக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றைக் கருதிக் காற்றுப்புகாப் பெட்டியில் ஈரமுறிஞ்சியோடு வைத்தல் நன்று.

‘நாணயம்’ என்னும் சொல் தமிழில் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். நான் பளபளப்பாக்கிய டாலர் தன் அகவையை மறைத்துப் பேசுகிறது. கறுத்து, தழும்பேறி, விலை குறைந்த ரூபாயோ தான் யாரிடம் எவ்வாறு இருந்தது என்பதை உள்ளவாறு சொல்கிறது. சந்தை அறியும் நிலை ஒன்று. குடும்பம் அறியும் நிலை மற்றொன்று. விற்க விரும்புவோர் முன்னதை அறிதல் வேண்டும். காக்க விரும்புவோர் இரண்டையும் எழுதிவைத்தல் வேண்டும். என் பெட்டியில் இப்போது காசுகளுடன் ஒரு தாளும் உள்ளது. அதில் ஆண்டு, எடை, விளிம்புத் தழும்பின் காரணம், பாட்டியாரின் பெயர் ஆகியவற்றுடன், டாலரைத் தேய்த்தவன் நானே என்பதும் குறிக்கப்பட்டுள்ளது.