எத்தனை கடிகாரங்கள் போதும்?

தபால்தலை சேர்ப்பதும் நாணயம் சேர்ப்பதும் நாம் நெடுங்காலமாக அறிந்த பொழுதுபோக்குகள். அண்மைக் காலத்தில் இவற்றோடு இன்னொன்றும் நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கமே அது. மணி பார்க்கக் கைப்பேசியே போதும் என்றாகிவிட்ட இக்காலத்தில், கடிகாரத்தின்மீது மனிதனுக்கு இத்தனை ஆசை பிறப்பது வியப்புக்குரியதே. இவ்வாசையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அதை எவ்வாறு நிதானமாக வளர்ப்பது, எவ்விடத்தில் நிறுத்துவது என்பதையே இங்குச் சிறிது சிந்திப்போம்.

ஆசை பிறக்கும் இடம்

பெரும்பாலோர்க்கு இவ்வாசை கடையில் பிறப்பதில்லை; வீட்டு அலமாரியில் பிறக்கிறது. தாத்தா கட்டியிருந்த எச்.எம்.டி. கடிகாரம் ஒன்று பழைய பத்திரங்களுக்கிடையே அகப்படுகிறது. அதைக் கையில் எடுத்துச் சாவி கொடுத்தவுடன் அது மீண்டும் ஓடத் தொடங்கினால், அந்த மகிழ்ச்சிக்கு ஈடு ஏது?

1953ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எச்.எம்.டி. என்னும் அரசு நிறுவனம், ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961இல் பெங்களூருவில் கைக்கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன், சுஜாதா என்று அக்கடிகாரங்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்கள் ஒரு தலைமுறையின் நினைவில் இன்றும் நிற்கின்றன. தேர்வில் வென்ற மகனுக்கும், மணமேடை ஏறிய மருமகனுக்கும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் அவையே பரிசாயின.

ஆனால் 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சைகோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபின், உலகெங்கும் கடிகாரத் தொழிலின் போக்கு மாறிற்று. நம் நாட்டிலும் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் டைட்டனை நிறுவின. ஓசூரில் அதன் ஆலை எழுந்தது. பேட்டரியால் ஓடும் கடிகாரம் விரைவில் வீடுதோறும் புகுந்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இனிக் கிடைக்காது என்ற பொருளை நாடி மனம் ஓடுவது உலக இயல்பு. அதுவரை பெட்டிக்குள் கேட்பாரற்றுக் கிடந்த கடிகாரங்களைத் தேடிப் பலர் புறப்பட்டனர்.

சாவி கற்பிக்கும் பாடம்

இப்பொழுதுபோக்கில் இறங்குவோர் முதலில் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. கடிகாரத்தின் உள்ளே என்ன நிகழ்கிறது என்று அறிந்துகொண்டாலே போதும். சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் சுருண்டு இறுகுகிறது. அது மெதுவாக விரியும் ஆற்றலே பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அந்த ஆற்றல் ஒரேயடியாக வெளியேறிவிடாதபடி, இப்படியும் அப்படியும் ஆடும் ஒரு சிறு சக்கரம் அதைத் துளித்துளியாக விடுவிக்கிறது. பழைய சாவிக் கடிகாரங்கள் பலவற்றில் இத்துடிப்பு நொடிக்கு 5 முறை, ஒரு நாளைக்கு 4,32,000 முறை நிகழ்கிறது. முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்டு உள்ளே விலையுயர்ந்த மணிகள் உள்ளன என்று எண்ணிவிடலாகாது. உராய்வைக் குறைப்பதற்காகப் பொருத்தப்படும் செயற்கை மாணிக்கக் கற்களே அவை.

ஓயாது உழைக்கும் இக்கருவிக்கு எண்ணெய் வேண்டும். அவ்வெண்ணெய் சில ஆண்டுகளில் உலர்ந்துபோகும். எனவே நெடுநாள் கிடந்த கடிகாரத்தைத் தொடர்ந்து ஓடவிடாமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் துடைத்து எண்ணெயிட்ட பின்பே கட்டுதல் நலம். குவார்ட்ஸ் கடிகாரத்துக்கும் கவனிப்பு வேண்டும். தீர்ந்துபோன பேட்டரியை உள்ளேயே விட்டுவிட்டால், அது கசிந்து கருவியை அரித்துவிடும். ஆக, ஒரு கடிகாரத்தை வாங்குவது என்பது அன்றோடு முடியும் செயலன்று. ஆண்டுதோறும் பேண வேண்டிய ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்வதே அது.

முதல் ஆண்டில் நிதானம்

புதிதாக ஆசைகொண்டவர் இடறுவது பெரும்பாலும் முதல் ஆண்டில்தான். ஒன்று வாங்கியவுடன் அதைவிட அழகிய மற்றொன்று கண்ணில் படுகிறது. விற்பவரோ, "இன்று விட்டால் இனிக் கிடைக்காது" என்கிறார். கைப்பேசியில் விரலால் ஒருமுறை தொட்டால் பொருள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. தேடுவதிலுள்ள இன்பத்தை வாங்குவதிலுள்ள இன்பம் என்று மனம் மயங்கிவிடுகிறது. பொருள் வந்து சேர்ந்த மறுநாளே அடுத்த தேடல் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

அவசரத்துக்கு வேறொரு தண்டனையும் உண்டு. பழைய எச்.எம்.டி. என்று சந்தையில் விற்கப்படுபவற்றுள் பல, முகப்புக்குப் புதிதாக வண்ணம் தீட்டப்பட்டவை; பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாகக் கோத்துச் செய்யப்பட்டவையும் உண்டு. எழுத்துகளின் கோணல், எண்களின் தடிப்பு, ஆலையில் என்றுமே இட்டிராத பளிச்சென்ற நிறம் ஆகியவற்றால் இவற்றை அடையாளம் காணலாம். ஆனால் அந்தக் கண் பழகுவதற்குக் காலம் வேண்டும். பத்தை விரைந்து வாங்கியவர் கற்றுக்கொள்வதைவிட, ஐம்பதைப் பார்த்து ஒன்றை வாங்கியவர் மிகுதியாகக் கற்கிறார்.

ஆகவே முதல் ஆறு மாதம் வீட்டிலிருக்கும் கடிகாரத்தைச் செம்மை செய்து கட்டிப் பழகலாம். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். விரும்பிய கடிகாரத்தின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒரு மாதம் பொறுத்திருப்பது நல்ல வழக்கம். மாதம் முடிந்தபின் ஏட்டைப் புரட்டினால், எழுதியவற்றுள் பல நமக்குத் தேவையில்லை என்பது தானே விளங்கும்.

எல்லை வகுத்தல்

கடிகாரங்களுக்கு முடிவில்லை, ஆகையால் சேர்ப்பவரே முடிவை வகுத்துக்கொள்ள வேண்டும். உலகப் புகழ்பெற்ற சேகரிப்பாளர் ஒருவரே இதற்குச் சான்று. இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் சாலமன்ஸ் என்பவர் (1851–1925) பெருஞ்செல்வர். அவர் நினைத்திருந்தால் கண்ட கடிகாரத்தையெல்லாம் வாங்கியிருக்கலாம். ஆனால் பாரிஸ் நகரில் வாழ்ந்த பிரெகே என்னும் கைவினைஞரின் கடிகாரங்களிலேயே அவர் தம் கருத்தைச் செலுத்தினார். அவற்றை ஆராய்ந்து ஒரு நூலும் எழுதினார். அவர் சேர்த்தவற்றுள் தலையாயது, பிரான்சு நாட்டு அரசி மேரி அன்டோனெட்டுக்கென 1783இல் செய்யப் பணிக்கப்பட்ட கடிகாரம். அது நிறைவெய்தியது 1827இல். இடைப்பட்ட 44 ஆண்டுகளில் அரசியும் மறைந்தார், பிரெகேயும் மறைந்தார். செய்யச் சொன்னவர்க்கும் செய்யத் தொடங்கியவர்க்கும் அதை முழுமையாகக் காணும் பேறு கிட்டவில்லை. பொறுமை என்ன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

நம் போன்றோர்க்கும் இவ்வழி பொருந்தும். தேவநாகரி எழுத்துகளையுடைய எச்.எம்.டி. மட்டும், பெண்களுக்கெனச் செய்யப்பட்ட சிறு கடிகாரங்கள் மட்டும், அல்லது குடும்பத்தில் ஒவ்வொருவரும் பிறந்த பத்தாண்டைக் குறிக்கும் ஒன்று மட்டும் என்று வரம்பு கட்டிக்கொள்ளலாம். வரம்புள்ள சேகரிப்புக்கு ஒரு நாள் நிறைவு வரும். வரம்பற்றதற்குச் சோர்வு ஒன்றே முடிவு.

கணக்குப் பார்ப்போம்

ஒருவரிடம் 12 கடிகாரங்கள் இருப்பின், ஒவ்வொன்றையும் ஆண்டில் 30 நாள் கட்டலாம். 30 ஆனால் ஒவ்வொன்றுக்கும் 12 நாளே கிட்டும். 60 ஆகிவிட்டாலோ 6 நாள்தான். ஒவ்வொரு கடிகாரத்தையும் 5 ஆண்டுக்கொரு முறை பழுதுபார்க்க வேண்டும் என்றும், அதற்கு 1,000 ரூபாய் செலவாகும் என்றும் வைத்துக்கொள்வோம். 60 கடிகாரம் உடையவர் மாதந்தோறும் ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஆண்டுக்கு 12,000 ரூபாய் அதற்கெனவே ஒதுக்க வேண்டும். வாங்கும்போது மலிவாகத் தோன்றிய பொருள் பேணும்போது தன் உண்மை விலையைக் காட்டுகிறது.

"இது செலவன்று, சேமிப்பு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வோரும் உளர். சாதாரணக் கடிகாரங்களில் பெரும்பாலானவை, விற்கப் போகும்போது வாங்கிய விலைக்கே போவதில்லை. சேமிப்புக்கு வங்கி இருக்கிறது. கடிகாரம் மகிழ்ச்சிக்காக என்று தெளிந்துகொள்வதே நேர்மை.

நிறுத்த வேண்டிய அடையாளங்கள்

வாங்கிய கடிகாரம் பெட்டி பிரிக்கப்படாமலேயே கிடக்கிறதா? விலையை மனைவியிடம் பாதியாகக் குறைத்துச் சொல்ல நேர்கிறதா? தவணைக் கடனிலோ, பிள்ளைகளின் கல்விக்கு வைத்த தொகையிலோ கை நீள்கிறதா? உணவு மேசையிலும் கண்கள் விற்பனைப் பட்டியலையே நாடுகின்றனவா? இவற்றுள் ஒன்று உண்மையாயினும் நிறுத்த வேண்டிய இடம் வந்துவிட்டது.

இவற்றினும் நுட்பமான அடையாளம் ஒன்றுண்டு. நாள்தோறும் கட்ட வேண்டும் என்று ஆசையோடு வாங்கிய கடிகாரம் எங்கோ ஒரு மூலையில் பழுதாகி நின்றுவிட்டது. அது நின்றதே நமக்குத் தெரியவில்லை. அன்று நம்மிடம் இருப்பது நம்மால் கவனிக்க இயன்றதற்கு மேற்பட்டது என்று அறிந்துகொள்ளலாம். எத்தனை கடிகாரங்களை மறவாமல் பேண முடியுமோ, அத்தனையே நமக்குரியவை.

நிறுத்துவது என்பது பொழுதுபோக்கைத் துறப்பதன்று. வாங்குவது நின்ற பின்னும் செய்வதற்கு எவ்வளவோ உண்டு. ஒவ்வொரு கடிகாரமும் யாருடையது, எப்போது வந்தது, எப்போது எண்ணெயிடப்பட்டது என்று ஏட்டில் குறித்து வைக்கலாம். புதியது ஒன்று வந்தால் பழையது ஒன்றை உறவினர்க்குக் கொடுத்துவிடலாம். கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்தி, கடைத்தெரு ஓரத்துச் சிறு பெட்டிக் கடையில் அமர்ந்திருக்கும் கடிகாரப் பழுதுபார்ப்பாளர்கள் ஊர்தோறும் குறைந்து வருகின்றனர். அவர்களிடம் வேலை கொடுப்பதும் பேரப்பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வதும் அந்தக் கைத்திறனுக்கு நாம் செய்யும் சிறு உதவியாகும்.

பெற்றோர்களே, உங்கள் பெட்டியிலுள்ள கடிகாரங்களுள் எது எந்தப் பிள்ளைக்கு என்று இன்றே எண்ணிப் பாருங்கள். பெறப்போகிறவர் பெயரைச் சொல்ல முடிந்த கடிகாரங்களை வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல இயலாதவை மிகுந்திருந்தால், இனி வாங்குவதை நிறுத்திவிட்டு, இருப்பவற்றுக்குச் சாவி கொடுங்கள்.