தலைப்பு இல்லாத கணக்கு

பாறசாலை அருகே ஓர் ஊர். அங்கே ஒரு குடும்பஸ்ரீ அயல்கூட்டம். கேரளத்தில் குடும்பஸ்ரீ 1998-இல் தொடங்கியது. வாரந்தோறும் பெண்கள் கூடுவார்கள். சேமிப்பார்கள். கடன் வாங்கித் தவணை கட்டுவார்கள்.

ஒரு நாள் இரண்டு தவணைத் தாள்கள் வந்தன. கம்ப்யூட்டரில் அடித்த தாள்கள். இரண்டிலும் அதே பெயர்கள். அதே தொகை. மாதம் எழுதவில்லை. ஒரே தாளின் நகல் என்று நினைத்தோம். ஒன்றை மட்டும் பதிவேட்டில் ஏற்றினோம்.

“நான் இரண்டு தவணை கட்டினேன் மோளே. ஒன்றுதானே இருக்கு?” என்று அறுபது வயது அம்மா ஒருவர் கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, அவர் கையில் பாஸ்புக் இருந்தது. அதில் மே, ஜூன் இரண்டு மாதமும் கையெழுத்து இருந்தது. பணம் தப்பியது.

தவறு எங்கே? தாளில் தலைப்பு இல்லை.

தலைப்பில் நான்கு செய்தி வேண்டும். யாருடைய கணக்கு? என்ன கணக்கு? எந்த ஊர், எந்த வார்டு? எந்த மாதம், எந்த ஆண்டு? நம் ஊரில் இரண்டு மொழி படிப்பவர்கள் உண்டு. தமிழிலும் மலையாளத்திலும் தலைப்பு எழுதினால் நல்லது.

கம்ப்யூட்டரில் தலைப்பு போடுவது எப்படி?

எக்செல் கணக்குத் தாளைத் திறங்கள். திரை முழுவதும் கட்டங்கள். இடது ஓரத்தில் 1, 2, 3 என்று வரிசை எண்கள் இருக்கும்.

1. எண் 1-இன் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். ‘இன்சர்ட்’ என்பதைத் தொடுங்கள். மேலே ஒரு காலி வரிசை வரும். பழைய கணக்கு ஒரு வரிசை கீழே இறங்கும். எதுவும் அழியாது.

2. காலி வரிசையின் முதல் கட்டத்தில் தலைப்பை அடியுங்கள். ‘என்டர்’ தட்டுங்கள்.

3. தலைப்பு இடது ஓரமாக நிற்கும். அதே முதல் கட்டத்தில் மவுஸை அழுத்திப் பிடியுங்கள். கணக்கின் கடைசிப் பத்தி வரை வலப்பக்கம் இழுங்கள்.

4. மேலே ‘ஹோம்’ பகுதியில் ‘மெர்ஜ் அண்ட் சென்டர்’ என்று இருக்கும். அதை அழுத்துங்கள். கட்டங்கள் ஒன்றாகும். தலைப்பு நடுவில் வந்து நிற்கும்.

5. ‘பி’ என்ற எழுத்தை அழுத்தினால் தலைப்பு தடிமனாகும். பிறகு மறக்காமல் ‘சேவ்’ செய்யுங்கள்.

கவனம்! தலைப்பு வரிசையை மட்டும் இப்படிச் சேருங்கள். தொகை எழுதிய கட்டங்களைச் சேர்த்தால் முதல் கட்டத்தில் உள்ளது மட்டும் மிஞ்சும். மற்றவை போய்விடும். தவறிச் செய்தால் பயப்படாதீர்கள். ‘கன்ட்ரோல்’ பொத்தானைப் பிடித்துக்கொண்டு ‘இசட்’ தட்டுங்கள். பழையபடி வந்துவிடும்.

கம்ப்யூட்டர் தெரியாதா? பரவாயில்லை. அடித்துக் கொடுப்பவரிடம், “தலைப்பு போடுங்கள்” என்று கேளுங்கள். பேனாவால் எழுதினாலும் போதும்.

1991-இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தோம். படிக்கத் தெரிந்தவர் தம் பணத்தின் கணக்கையும் படிக்க வேண்டாமா?

உங்கள் கூட்டத்தின் தாளை எடுத்துப் பாருங்கள். தலைப்பு இருக்கிறதா?