கடுகெண்ணெயும் பிசியோவும்

கொல்கத்தாவின் தென்மேற்கே டயமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டி நீளும் பெஹாலாவை ஊரறிய வைத்தவர் சவுரவ் கங்குலி. 2000-ல் அவர் இந்திய அணியின் கேப்டனானபோது பிசியோவாக இருந்தவர் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ லைபஸ். 1999-ல் வந்து 2004 வரை இருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவருவார், காலை மடக்கி நீட்டுவார்; டிவியில் நாம் பார்த்தது அவ்வளவுதான். பிசியோவின் பெரும்பகுதி வேலை கேமராவில் விழுவதே இல்லை.

தேய்த்து நீவுவதும் அந்த வேலையில் ஒரு பகுதி; கொல்கத்தாவுக்கோ எண்ணெய்த் தேய்ப்பு புதிதல்ல. கைக்குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்த்து இளவெயிலில் கிடத்துவது வங்காள வழக்கம். நம்மூர் நல்லெண்ணெய் போல. பாபுகாட் படித்துறையில் உடம்பு நீவிவிடும் மாலிஷ்காரர்களும் உண்டு. தேய்த்தால் சுகமாக இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏன் என்பதில்தான் பல காலமாக ஒரு தவறான பதில் உலவுகிறது: சதையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றுகிறதாம்.

அந்த அமிலம் கடும் உடற்பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாகவே வடிந்துவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுத்தும் வலி, தசை இழைகளில் விழுந்த நுண்ணிய சேதத்தால் வருவது. 2012-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரு தொடைகளிலிருந்தும் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். லாக்டிக் அமிலத்தில் வித்தியாசமில்லை. நீவிய காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. 11 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனாலும் பழைய கதையை அசைக்க அது போதும்.

சுகத்துக்குக் காரணம் பெரும்பாலும் நரம்புகளில் இருக்கிறது. ரோமமுள்ள தோலில், நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல வருடினால் நன்றாக விழித்துக்கொள்ளும் நரம்பிழைகள் உண்டு. பாட்டியின் கை அந்த வேகத்தை யாரிடமும் படித்ததில்லை. இன்னொன்று, தொடு உணர்வு தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்தக்கூடும் என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-ல் முன்வைத்த கருத்து. இடித்துக்கொண்ட முழங்கையைச் சட்டென்று தேய்த்துக்கொள்கிறோமே, அது இதனால்தான்.

ஆனால் இந்தத் தணிப்பு கொஞ்ச நேரத்துக்கே. நல்ல பிசியோ அந்த நேரத்தை வீணாக்கமாட்டார். வலி அடங்கியிருக்கும்போதே மூட்டை அசைக்கவும் தசைக்குப் படிப்படியாகச் சுமை ஏற்றவும் வைப்பார். தேய்மானம் கண்ட முழங்காலுக்கு எந்தத் தைலத்தையும்விட முன்தொடைத் தசையின் வலுதான் உதவும். தசைநாண்களும் அப்படித்தான், சுமை ஏறினால்தான் உறுதிப்படும், அதுவும் வாரக்கணக்கில். சில சமயம் அதுவும் போதாது: 2004-ல் டெண்டுல்கரைப் படுத்திய டென்னிஸ் எல்போ என்ற முழங்கைத் தசைநாண் வலி, மறு ஆண்டு லண்டனில் அறுவைச் சிகிச்சைவரை போனது. மேசையில் படுக்க வைத்து மெஷின் மாட்டி, பயிற்சி எதுவும் சொல்லாமல் அனுப்பும் கிளினிக்குக்குத் தினமும் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நீவவே கூடாத இடமும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ நெடுநாள் படுக்கைக்குப் பிறகோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. சதைப்பிடிப்பு என்று எண்ணெய்ப் புட்டியைத் தேடாமல் அன்றே டாக்டரிடம் போய்விட வேண்டும்.