ரெண்டு ஸ்பீக்கரா, ஐஞ்சா? முதலில் சோஃபாவைப் பாருங்க



இந்த எபிசோடில் வீட்டு ஆடியோ பற்றிக் கதைக்கும்போது ஒரு கேள்வியை அரைகுறையாக விட்டுட்டோம்: வீட்டுக்கு ஸ்டீரியோ போதுமா, சரவுண்ட் வேணுமா? மிச்சக் கதை இங்கே.

முதலில் என்ர சொந்த அனுபவம். மூன்று வருஷத்துக்கு முதல், ஹாரோவில் இருக்கிற எங்கட வீட்டுக்கு, ஒரே பெட்டியில் வரும் 5.1 செட் ஒன்று வாங்கினேன். "தியேட்டர் மாதிரி இருக்கும்" என்று கடையில் சொன்னார்கள். எங்கட ஹோல், லண்டன் டெரஸ் வீடுகளில் எல்லாருக்கும் இருக்கிற அதே ஹோல்தான். ஒரு பக்கம் டிவி, எதிர்ப்பக்கம் சுவரோடு ஒட்டின சோஃபா. பின்னால் வைக்க வேண்டிய ஸ்பீக்கருக்கு "பின்னால்" என்று ஒரு இடமே இல்லை. ஒன்று ஜன்னல் சீலைக்குப் பின்னால் போனது. மற்றது சாமிப்படத் தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில். படத்தில் மழை வந்தால் பிள்ளையாரிடம் இருந்து மட்டும் பெய்யும்.

அது சிரிப்பு. ஆனால் அம்மாவின் விஷயம் சிரிப்பில்லை. படம் பார்க்கும்போது "என்ன சொல்றான் பிள்ளை?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருக்கா கேட்பா. புது செட் வந்த பிறகும் கேட்டா. பிறகு கேட்கிறதை நிறுத்திட்டா. இப்ப விளங்குது போல என்று நினைத்தேன். அப்படி இல்லை. பாதிப் படத்தில் எழும்பி குசினிக்குப் போய்விடுவா. அதைக் கவனிக்க எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. வெட்கமாத்தான் இருக்கு.

ஏன் அப்படி நடந்தது என்று விளங்க, கொஞ்சம் அடிப்படைக்குப் போகவேணும். எங்கட ஹாரோவில் இருந்து கொஞ்சத் தூரத்தில்தான் ஹேய்ஸ். அங்கே இருந்த இ.எம்.ஐ. கம்பெனியின் எஞ்சினியர் அலன் ப்ளும்லைன், 1931இல் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவருக்கு அந்த யோசனை சினிமா பார்க்கும்போது வந்தது என்று சொல்லுவார்கள். நடிகர் திரையின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு நடக்கிறார், ஆனால் குரல் ஒரே இடத்தில் இருந்து வருது. அதுதான் அவரை உறுத்தினதாம். 1935இல் ஹேய்ஸ் ஸ்டேஷனில் ரயில்கள் போறதை ஸ்டீரியோ ஒலியோட படம் எடுத்தும் பார்த்தார்கள். இன்றைக்கு நாங்கள் "ஸ்டீரியோ பாட்டுக்கு, சரவுண்ட் படத்துக்கு" என்று பிரிக்கிறோம். ஸ்டீரியோ பிறந்ததே படத்துக்காக!

இப்ப ஒரு சின்னச் சோதனை. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்து ஒரு பாட்டுப் போடுங்க. பாடகரின் குரல் நடுவில் இருந்து வரும். அங்கே ஸ்பீக்கர் எதுவும் இல்லை. ஒரே ஒலி ரெண்டு பக்கத்தில் இருந்தும் ஒரே நேரத்தில் வந்து சேர்றதால, மூளை "நடுவில் ஆள் நிற்கிறார்" என்று முடிவு கட்டுது. இப்ப மெல்ல சோஃபாவின் ஓரத்துக்கு நகருங்க. பாடகரும் உங்களோட நகர்ந்து, கிட்ட இருக்கிற ஸ்பீக்கருக்குள்ள போய்விடுவார். ஒலி ஒரு மில்லிசெகண்டில் போறது சுமார் 34 சென்டிமீட்டர். ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட அவ்வளவு கிட்ட இருந்தாலே போதும், மூளை முதலில் வந்த ஒலியை நம்பிவிடும்.

அதாவது ஸ்டீரியோ ஒரு ஆளுக்கான இருக்கை. அந்த இருக்கையில் அதை அடிக்க ஒன்றும் இல்லை. ரெண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு சம முக்கோணம், கீச்சுக் குரல் வரும் சின்னக் கூம்பு காது மட்டத்தில். அவ்வளவுதான்.

சரவுண்டில் எல்லாரும் பின் ஸ்பீக்கரைப் பற்றித்தான் கதைப்பார்கள். உண்மையான வேலைக்காரன் டிவிக்குக் கீழே இருக்கிற சென்டர் ஸ்பீக்கர். படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அதுக்குள்ளதான் வருது. நடுவில் நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் இருக்கிறதால, சோஃபாவின் எந்த மூலையில் இருந்தாலும் குரல் திரையில் இருந்தே வரும்.

என்ர பெட்டியில் வந்த சென்டர் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு. அதையும் டிவி ஸ்டாண்டுக்குள்ள, குடும்பப் படத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். அம்மா எங்கே இருப்பா? சோஃபாவின் ஓரத்தில். வயசு போகப் போக முதலில் குறையிறது உயர்ந்த ஒலிகள். ச, த போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கதான் இருக்கு. சத்தம் கேட்கும், சொல் விளங்காது.

செய்தது இதுதான். சென்டரை வெளியே எடுத்து, முன் பக்கம் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தேன். செட்டிங்ஸில் அதன் அளவை மட்டும் 4 டெசிபல் கூட்டினேன். இரவு மோடைப் போட்டேன், அது வெடிச்சத்தத்துக்கும் கிசுகிசுப்புக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும். பின் ஸ்பீக்கர் ரெண்டையும் கழற்றினேன். கழற்றினால் மெனுவில் "பின் ஸ்பீக்கர் இல்லை" என்று கட்டாயம் சொல்லவேணும். சொன்னால்தான் அந்த ஒலி முன்னுக்கு வரும், இல்லாட்டி அப்படியே காணாமல் போகும். அதோட அம்மாவைக் காது டெஸ்டுக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அது ஸ்பீக்கர் திருத்துற விஷயம் இல்லை.

பாட்டுக்கு வந்தால் என்ர முடிவு மாறாது: ஸ்டீரியோ. அம்மா கேட்கிற 60களின் எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டுகள் மோனோவில் பதிவானவை, ஒரே சானல். அதை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்தால் குளியலறையில் பாடுற மாதிரித்தான் இருக்கும். அட்மாஸ் மிக்ஸில் புதுப் பாட்டுகள் இப்ப வருது, சில நல்லாவும் இருக்கு. ஆனால் ஹெட்போனில் கேட்டால் அதுவும் கடைசியில் ரெண்டு சானலாக மாறித்தான் காதுக்கு வரும்.

கையில் 300 பவுண்ட் இருந்தால் அதை ஐந்தாகப் பிரிக்காதீங்க. பழைய ஏ.வி. ரிசீவர் ஒன்று, நல்ல ரெண்டு ஸ்பீக்கர், ரெண்டுமே செகண்ட் ஹேண்டில் எடுங்க. தனிய இருக்கிறீங்க, பாட்டுத்தான் உயிர் என்றால் அதோட நிறுத்தலாம். வீட்டில் மூன்று நாலு பேர் சேர்ந்து படம் பார்க்கிறீங்க என்றால் அடுத்த காசு சென்டருக்கு. பின் ஸ்பீக்கர், சோஃபாவுக்குப் பின்னால் ஒரு மீட்டராவது இடம் இருக்கிறவைக்கு மட்டும். ஃபிளாட்டில் இருக்கிறவை சப்வூஃபரை மறந்துவிடுங்க, கீழ்வீட்டுக்காரர் உங்களை மறக்கமாட்டார்.

போன ஞாயிறு அம்மா ஒரு படத்தை முடியும்வரை இருந்து பார்த்தா. இடையில் ரெண்டு தரம் "என்ன சொல்றான் பிள்ளை?" என்று கேட்டா. ரெண்டாம் தரம் எனக்கும் விளங்கேல்லை.