வானொலி நேயர் அளவீடு

வானொலி நேயர் அளவீடு என்பது ஒரு வானொலி நிலையத்தை எத்தனை பேர், எந்நேரத்தில், எவ்வளவு நேரம் கேட்கின்றனர் என்பதை மாதிரி ஆய்வின் மூலம் மதிப்பிடுவதாகும். செய்தித்தாளின் விற்ற படிகளை எண்ணிவிடலாம். ஒலிபரப்பைக் கேட்டவரை அவ்வாறு எண்ண இயலாது. வணிக வானொலியின் விளம்பரக் கட்டணம் இம்மதிப்பீட்டைக் கொண்டே முடிவாவதால், அளக்கும் முறை மாறினால் நிகழ்ச்சிகளின் அமைப்பும் மாறுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஆகும்.

தொலைபேசி ஆய்வுகள்

1930-இல் ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி, முந்தைய நாள் கேட்ட நிகழ்ச்சிகளைத் தொலைபேசியில் வினவும் முறையைத் தொடங்கினார். பின்னர் வந்த சி. ஈ. ஹூப்பரின் நிறுவனம், அழைக்கும் நேரத்தில் வீட்டில் எது ஒலிக்கிறது என்று கேட்டது. தொலைபேசி இல்லாத வீடுகள் இரண்டு முறைகளிலும் விடுபட்டன.

நாட்குறிப்பு முறை

1949-இல் அமெரிக்கன் ரிசர்ச் பீரோ என்ற பெயரில் தொடங்கப்பட்ட ஆர்பிட்ரான் நிறுவனத்தால் இம்முறை பரவலானது. தேர்ந்தெடுக்கப்பட்ட நேயர்கள் வியாழன் முதல் புதன் வரை தாம் கேட்டவற்றைச் சிறு குறிப்பேட்டில் எழுதி அஞ்சலில் அனுப்புவர். உடனுக்குடன் எழுதாதோர் நினைவிலிருந்தே நிரப்பினர். ஆகவே, கேட்கப்படுவதைப் போலவே நினைவில் நிற்பதும் நிலையங்களுக்கு இன்றியமையாததாயிற்று. அறிவிப்பாளர்கள் பாட்டுக்குப் பாட்டு நிலையத்தின் பெயரையும் அலைவரிசை எண்ணையும் சொல்வது இதனால்தான். சாலையோர விளம்பரப் பலகைகளுக்கும் பரிசுப் போட்டிகளுக்கும் இதுவே பெரிய காரணம்.

ஒரு கால்மணி நேரத்தில் 5 நிமிடம் கேட்டிருந்தால், அக்கால்மணி முழுவதும் அந்நிலையத்தின் கணக்கில் சேரும். எனவே பல நிலையங்கள் விளம்பரங்களைக் கால்மணி எல்லையின் இருபுறமும் படும்படி வைத்தன. எடுத்துக்காட்டாக, 10:10 முதல் 10:20 வரை விளம்பரம் வந்தால், அதற்கு முன்னும் பின்னும் மட்டும் கேட்பவர்கூட இரண்டு கால்மணிகளிலும் எண்ணப்படுவார். நேயர் இதை அறிவதில்லை!

கையடக்க மானி

நிலையங்கள் தம் ஒலியினுள் செவிக்குப் புலப்படாத குறியீடு ஒன்றைச் சேர்க்கின்றன. நேயர் உடன் வைத்திருக்கும் சிறு கருவி அதனை உணர்ந்து பதிகிறது. 2007-இல் பிலடெல்பியா, ஹூஸ்டன் நகரங்களில் இது அதிகாரபூர்வ அளவீடாயிற்று. கடையிலோ வாடகை வண்டியிலோ தற்செயலாகக் காதில் விழுந்த நிலையமும் இதில் கணக்காகும். ஆதலால் ஒவ்வொரு நிலையத்துக்கும் நேயர் எண்ணிக்கை கூடியது; கேட்கும் நேரம் குறைந்தது. கருவி முறையில் மேற்கூறிய 5 நிமிட வரம்பு 2025 சனவரி முதல் 3 நிமிடமாயிற்று. சிறு நகரங்களில் நாட்குறிப்பு முறையே தொடர்ந்தது.

சர்ச்சைகள்

கறுப்பின, எசுப்பானிய மொழி நேயர்களைக் கொண்ட பல நிலையங்களின் மதிப்பீடுகள் கருவி வந்தபின் கடுமையாகச் சரிந்தன. இவ்வின மக்கள் மாதிரியில் போதிய அளவில் இடம்பெறவில்லை என்பது அந்நிலையங்களின் வாதம். விளம்பர வருவாயை நம்பிய அவற்றுக்கு இது வாழ்வா சாவா என்னும் கேள்வியாக இருந்தது. 2008 அக்டோபரில் நியூயார்க், நியூ செர்சி மாநிலத் தலைமை வழக்கறிஞர்கள் ஆர்பிட்ரான் மீது வழக்குத் தொடுத்தனர். 2009 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மாதிரியைச் சீர்செய்ய நிறுவனம் இசைந்தது. 2013-இல் நீல்சன் நிறுவனம் ஆர்பிட்ரானை வாங்கியது.

அமைதியான இசையிலும் பேச்சிலும் குறியீடு சரிவரப் பதிவதில்லை என்ற ஐயமும் எழுந்தது. குறியீட்டை வலுவாக்க வோல்டேர் என்னும் கருவியைச் சில நிலையங்கள் வாங்கிப் பொருத்தின. 2015-இல் நீல்சன் தன் குறியீட்டு முறையையே மேம்படுத்தியது.