கொடுத்தலும் கைவிடுதலும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவரைப் பெரிதும் இடர்ப்படுத்துவன நீண்ட சொற்கள் அல்ல. ‘கிவ்’, ‘ஹாண்ட்’, ‘டேர்ண்’ போன்ற சின்னஞ்சிறு வினைகளேயாம். இவற்றின் பின்னே ‘அப்’, ‘இன்’, ‘ஓவர்’ என ஒரு சிறு சொல் வந்து சேர்ந்ததும் பொருள் அடியோடு மாறிவிடுகின்றது.

இஃது ஆங்கிலத்துக்கே உரிய விந்தையன்று. நம் தாய்மொழியில் ‘கொடு’ என்னும் வினையை நோக்குக. விட்டுக்கொடுத்தல் பண்பு, காட்டிக்கொடுத்தல் துரோகம், எழுதிக்கொடுத்தல் உறுதியில் முடிவது. தமிழில் பொருளை மாற்றுஞ் சொல் முன்னே நிற்கின்றது. ஆங்கிலத்தில் பின்னே நிற்கின்றது. இதனை மனத்திற் கொண்டால் அச்சம் பாதி நீங்கும்.

பொருளையோ பொறுப்பையோ பிறரிடங் கையளித்தல் ‘ஹாண்ட் ஓவர்’. 1997ஆம் ஆண்டு ஜூலை 1ஆந் திகதி பிரித்தானியா ஹொங்கொங்கைச் சீனாவிடம் ஒப்படைத்ததை ஆங்கில ஏடுகள் இச்சொல்லாலேயே குறித்தன. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூரில் பிரித்தானியப் படை ஜப்பானியரிடம் பணிந்ததோ ‘சரண்டர்’ எனப்படும். முன்னையது உடன்படிக்கையின்படி நிகழ்ந்தது. பின்னையது போரில் தோற்றதால் நேர்ந்தது.

விடைத்தாளையும் விண்ணப்பத்தையும் உரிய இடத்திற் சேர்ப்பித்தல் ‘ஹாண்ட் இன்’. முன்னோர் பின்னோர்க்கு வழிவழியாக விட்டுச் செல்லுதல் ‘ஹாண்ட் டவுன்’. எதிர்ப்பை விடுத்து இணங்குதல் ‘கிவ் இன்’. முயற்சியையோ பழக்கத்தையோ கைவிடுதல் ‘கிவ் அப்’. குற்றவாளியைப் பொலிசாரிடம் பிடித்துக் கொடுத்தல் ‘டேர்ண் இன்’. ‘கிவ் அவே’ என்பதற்கோ பொருள் பல: இலவசமாக வழங்குதலும் அதுவே, இரகசியத்தை வெளிப்படுத்துதலும் அதுவே, கிறிஸ்தவத் திருமணத்தில் தந்தை மகளை மணமகனிடம் ஒப்புவித்தலும் அதுவே.

ஒரே செயல் அறமாகவும் துரோகமாகவும் ஆகலாம் என்பதற்குச் சொல் வரலாறும் சான்று பகரும். கையளித்தல் எனப் பொருள்படும் ‘திராதெரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்தே, மரபைக் குறிக்கும் ‘ட்ரடிஷன்’, துரோகியைக் குறிக்கும் ‘ட்ரெயிட்டர்’ ஆகிய இரு சொற்களும் பிறந்தன!

இவற்றை மாற்றி வழங்கினால் விளைவது சிறு வழுவன்று. தொழில் நாடும் இளைஞர் ஒருவர், விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டேன் என்னுங் கருத்தில் ‘கிவ் அப்’ என்று எழுதுவாராயின், அத்தொழிலே வேண்டாமென அவர் கைவிட்டதாகவன்றோ கடிதத்தைப் படிப்பவர் கொள்வர்!

இலக்கண விதி ஒன்றும் நினைவிலிருத்தற்பாலது. ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர்கள் வருமிடத்து அவை நடுவிலேயே நிற்கவேண்டும். ‘கிவ் இட் அப்’ என்பதே சரி. ‘கிவ் அப் இட்’ என்பது பிழை.

பட்டியலாக மனனஞ் செய்தல் பயன் தராது. நாளுக்கொரு தொடரை எடுத்து, வீட்டில் நிகழும் ஒரு செயலோடு இணைத்து, ஒரு வாக்கியம் எழுதுக. பெற்றோரும் அருகிருந்து கேட்பாராயின் பயிற்சி தளராது. ஆங்கிலம் கடினமெனக் கைவிடுதல், அதாவது ‘கிவ் அப்’, நம் மாணவர்க்கு வேண்டாத ஒன்று.