எந்த குரோமியம்?

ஒரு வருடம் என் வகுப்பில் இரண்டு செல்வம் இருந்தார்கள். ஒருவன் இருக்கும் இடமே தெரியாது. இன்னொருவன் பெஞ்சு பெஞ்சாகத் தாவுவான். "செல்வம்தான் சார் உடைச்சான்" என்று யாராவது புகார் சொன்னால், எந்தச் செல்வம் என்று கேட்டாக வேண்டும். குரோமியம் என்ற உலோகமும் இப்படித்தான்.

ராணிப்பேட்டையில், 1990களில் மூடப்பட்ட ஓர் ரசாயன ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு மலைபோலக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் வழிந்து நிலத்தில் இறங்கியது. ஏன் மஞ்சள்?

பூமியில் கிடைக்கும் குரோமைட் தாதுவில் இருப்பது மூன்று எலக்ட்ரான்களை இழந்த குரோமியம். தண்ணீரில் எளிதில் கரையாமல் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். சாதுச் செல்வம்! அதே தாதுவைச் சலவைச் சோடாவுடன் கலந்து சூளையில் வறுத்தால், இன்னும் மூன்று எலக்ட்ரான்கள் போய்விடும். ஆறு இழந்த இந்தக் குரோமியம்தான் வம்புக்காரன். தண்ணீரில் மஞ்சளாகக் கரைந்து கிணறுவரை ஓடும். தோலில் பட்டால் புண் வரும். இதன் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோயே வரலாம். பிளஸ் டூ ஆய்வகத்தில் ஆரஞ்சு நிறத்தில் மின்னுகிறதே பொட்டாசியம் டைகுரோமேட், அதில் இருப்பதும் இவன்தான். கையால் தொடாதீர்கள்!

சரி, மண்ணில் இவனை எப்படிக் கண்டுபிடிப்பது? அமிலத்தில் மண்ணைக் கரைக்கலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அமிலத்தில், மண்ணிலுள்ள மட்கு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடும். வம்புக்காரன் சாதுவாக வேடம் மாறிவிடுவான். அதனால் சூடான காரக் கரைசலில் மண்ணை ஊறவைத்து, அவனை அப்படியே வெளியே இழுப்பார்கள். வடிகட்டிய நீரை அமிலமாக்கி உடனே டைபினைல்கார்பசைடு என்ற மருந்தைச் சேர்த்தால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு வம்புக்காரர்கள்.

மண்ணைக் கரைக்காமலேயே பார்க்கவும் வழி உண்டு. இந்தூரில் இருக்கும் 'இந்தஸ்-2' என்ற பெரிய இயந்திரம் வலிமையான எக்ஸ் கதிர்களைத் தரும். அதை மண்மீது பாய்ச்சி வரைபடம் எடுத்தால், ஆறு இழந்த குரோமியம் மலைக்கு முன்னால் நிற்கும் ஒற்றைப் பனைமரம்போல ஒரு கூர்முனையைக் காட்டும்.

இத்தனை பாடு எதற்கு? வம்புக்காரனின் அளவு தெரிந்தால்தானே மருந்தின் அளவு தெரியும்! அந்த மருந்தும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதிதான். அதிலுள்ள மூன்று இரும்பு அணுக்கள் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க, ஒரு வம்புக்காரன் சாதுவாகிவிடுவான்.